இராமநாதபுரத்தில் எண்டோஸ்கோபி: பரிசோதனை நன்று, அறிக்கை போதாது

மண்டபத்தில் விசைப்படகில் தொழில் செய்யும் என் மைத்துனருக்குப் பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சல். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு விடிந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கு இந்தக் கரையில் அது புதிதன்று. இராமநாதபுரம் நகரிலுள்ள தனியார் எண்டோஸ்கோபி மையம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். மதுரைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை என்பதே முதல் நிம்மதி.

தூய்மையிலும் காத்திருப்பிலும் குறையில்லை. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வெளிறிய உட்படலம் இருக்க வேண்டிய இடத்தில் செந்நிறத் திட்டு படர்ந்திருப்பதை மருத்துவர் திரையில் காட்டிவிட்டு, திசுத் துணுக்குகளைப் பயாப்ஸிக்கு அனுப்பினார். வந்த முடிவு, பாரெட் உணவுக்குழாய். புற்றுக்கு முன்னோடியான செல் பிறழ்வு இல்லை.

இந்த மையத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், முடிவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல் அந்த மருத்துவர் அளித்த விளக்கம்தான். இரைப்பை அமிலம் ஓயாமல் மேலேறும்போது உணவுக்குழாயின் தட்டைச் செல்கள் இருந்த இடத்தைக் குடற்செல்களை ஒத்த செல்கள் பிடித்துக்கொள்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்பது நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. திசுவை மொத்தமாக அரைத்து மரபணுச் செயல்பாட்டை அளந்தால் சராசரிதான் கிடைக்கும். பல வகை மீன்களைக் கலந்து கொட்டி ஒரே எடை போடுவதைப் போன்றது அது. தனிச்செல் ஆய்வோ, எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் ஆர்.என்.ஏ.வை ஒவ்வொரு செல்லிலும் தனித்தனியே படிக்கிறது. அம்முறையைப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பாரெட் செல்களின் பிறப்பிடம் உணவுக்குழாய் வந்து சேரும் இரைப்பையின் வாயிற்பகுதி என்றும், மிக், எச்.என்.எஃப்.4ஏ என்னும் மரபணுக்கள் அந்த மாற்றத்தைத் தூண்டுகின்றன என்றும் 2021இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். முழுமையாக முதிராத பாரெட் செல்களுக்கும் அங்கு தோன்றும் அடினோகார்சினோமா என்னும் சுரப்பிச் செல் புற்றுக்கும் நெருங்கிய ஒற்றுமை இருப்பதையும் அவர்கள் கண்டார்கள். பாரெட் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதேயில்லை என்பதால், யாருக்கு வரும் என்று பிரித்தறிய ஒருநாள் இது உதவக்கூடும். இன்றைக்கு இது ஆய்வகத்து வேலையே. நோயாளி பணம் கட்டிச் செய்துகொள்ளும் பரிசோதனையன்று என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

புகையிலை மெல்லும் பழக்கம் உண்டா என்றும் விசாரித்தார். புகையிலையோடு தொடர்புடையதும் நம் நாட்டில் அதிகம் காணப்படுவதுமான உணவுக்குழாய்ப் புற்று தட்டைச் செல்களில் எழும் வேறொரு வகை. அதற்கும் பாரெட்டுக்கும் தொடர்பில்லை.

அறிக்கைதான் ஏமாற்றம். திட்டு எத்தனை சென்டிமீட்டர் நீளம், எத்தனை துணுக்குகள் எந்தெந்த மட்டத்தில் எடுக்கப்பட்டன என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. பிராகா முறையில் சி (குழாயைச் சுற்றிலும் முழுதாகப் படர்ந்த நீளம்), எம் (திட்டின் உச்ச நீளம்) என இரண்டு அளவுகளைக் குறிப்பது வழக்கம். செல் பிறழ்வு இல்லாத திட்டு 3 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 3 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல். அளவே எழுதப்படாவிட்டால் அடுத்த மருத்துவர் எதை வைத்து நாள் குறிப்பார்? கேட்டபின் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே செல்பவர்கள் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அந்த இரண்டு எண்களையும் படங்களின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.