மட்டக்களப்பு வெயிலில் ஒரு மேப்பிள் லீவ்ஸ் ஜேர்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சட்டை எங்கள் ஊருக்குத் தைத்ததில்லை. ரொரன்ரோ மேப்பிள் லீவ்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் நீல ஜேர்சி, முதுகில் மெத்தியூஸ், 34. தோளிலும் முழங்கையிலும் கவசம் கட்டிக்கொண்டு பனித்தரையில் வழுக்கிப் போகிற ஆட்களுக்காக வெட்டின அளவு. கையை நீட்டினால் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும், துணியும் தடிப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் இதைப் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தில் ஏறினால் அக்கரை சேர முதல் முதுகோடு ஒட்டிவிடும். போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இருந்தும் வாங்கலாமா என்று கேட்டால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். எதை, யார் மூலம், எந்த அளவில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதில் நான் ஒரு தரம் காசை ஆற்றில் போட்டவன்.

ஐஸ் ஹொக்கிக்கும் மட்டக்களப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுகிற ஐஸ்தான். இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தது ரொரன்ரோவில், ஸ்காபறோவில் இருக்கிற மாமாவின் மகன். 2016 ஒக்டோபர் 13, விடியப்புறம் நாலரை மணிக்குப் போன் எடுத்து, "மச்சான், புதுப் பெடியன் ஒருத்தன் இண்டைக்கு இறங்குறான், எழும்பிப் பார்" என்றான். அங்கே அது 12ஆம் தேதி இரவு ஏழு மணி. அந்தப் பெடியன்தான் ஒஸ்டன் மெத்தியூஸ், அரிசோனாப் பாலைவனத்தில் வளர்ந்தவன், முதல் ஆட்டத்திலேயே ஒட்டாவாவுக்கு எதிராக நாலு கோல் அடித்தான். நாலு கோல் அடித்தும் லீவ்ஸ் மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றது. புத்தியுள்ளவன் அன்றைக்கே கழன்றிருப்பான். பாலைவனத்தில் வளர்ந்தவன் பனியில் விளையாடலாம் என்றால் கல்லடியில் வளர்ந்தவன் பார்க்கக்கூடாதா என்று நான் உட்கார்ந்துவிட்டேன், இன்னும் எழும்பவில்லை.

சரி, சட்டைக்கு வருவோம். 2019இல் ஓர் இணையக் கடையில் மலிவாகக் கிடந்தது, படத்தில் அச்சொட்டாக அதே சட்டை, ஓடர் போட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்து வந்து சேர்ந்தது. போட்டுக்கொண்டு ரவுணுக்குப் போனால் தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "அஞ்சலோ மெத்தியூஸா தம்பி, இது எந்த மெச்சுக்கு விட்ட சட்டை?" என்று கேட்டார். அவர் நினைத்தது எங்கள் கிரிக்கெட்காரர் அஞ்சலோவை, நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இரவு மச்சானுக்கு வீடியோ கோலில் காட்டினேன். அவன் முதுகைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஒஸ்டன் மெத்தியூஸின் பெயரில் ஆங்கிலத்தில் இரண்டு 'ரி' வரவேண்டும். என்னுடையதில் ஒன்றுதான். ஒரு 'ரி' போட்டு எழுதுகிறவர் அஞ்சலோ. தேத்தண்ணிக் கடைக்காரர்தான் சரி, அவர் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார், நான்தான் வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மச்சான் இலையை எண்ணச் சொன்னான். இதை வாங்குகிற எல்லாரும் கவனிக்க வேண்டும். 2016-17 பருவத்திலிருந்து போடுகிற இலைச் சின்னத்தில் எல்லாமே கணக்குத்தான். சுற்றிவர 31 முனைகள், அது 1931இல் திறந்த அவர்களுடைய பழைய அரங்கம் மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்காக. உள்ளே 17 நரம்புகள், அணி தொடங்கிய 1917க்காக. அந்தப் பதினேழில் 13 மேல்பக்கம் ஓடும், வென்ற 13 ஸ்டான்லி கிண்ணங்களுக்காக, அதுதான் இந்த லீக்கின் சாம்பியன் கிண்ணம். அன்றைக்குப் பார்த்து கரண்டும் இல்லை, போன் வெளிச்சத்தில் சட்டையைப் பாயில் விரித்து வைத்து ஒரு ஈர்க்குக் குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நரம்பு ஒன்பது. முனைகளை எண்ண மனம் வரவில்லை. அம்மா வாசலில் நின்று, "என்ன மனே, சட்டைக்கு சாத்திரம் பாக்கிறியா?" என்றா.

(பதின்மூன்றாவது கிண்ணம் 1967இல். அதற்குப் பிறகு நரம்பு கூடவில்லை.)

அந்தப் போலிச் சட்டையைத்தான் 2020 பெப்ரவரியில், கரோலினாவோடு நடந்த ஆட்டத்துக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கரோலினாவின் இரண்டு கோல்காப்பாளர்களும் அடிபட்டுப் போக, அவசரத்துக்கு என்று வைத்திருந்த 42 வயது டேவிட் அயர்ஸ் இறங்கினார். பனித்தரையைத் துப்புரவாக்கும் சம்போனி வண்டி ஓட்டுகிறவர், அதிலும் லீவ்ஸ் ஆட்களுக்கே பயிற்சியில் கோல் காத்துக் கொடுத்தவர். அவருக்கு எதிராக லீவ்ஸ் 6-3 என்று தோற்றது. வெபர் மைதானத்தில் புல்லு வெட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கோலுக்குள் நிற்பாட்டி, அவரிடமே தோற்பது மாதிரி. ஒரு 'ரி' குறைந்த சட்டையால் வந்த வினை என்று அந்தச் சட்டையை அன்றே மடித்து வைத்துவிட்டேன். இப்போது அது மோட்டார் சைக்கிள் துடைக்க.

ஒறிஜினல் வந்தது 2023இல். அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேலதிக நேரத்தில் ஜோன் ரவாரெஸ் அடித்த கோலோடு தம்பாவை வீழ்த்தி, 2004க்குப் பிறகு முதல்முறையாக ஒரு பிளேஓஃப் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கிற வெளியேற்றப் போட்டி) சுற்றைத் தாண்டினார்கள். பத்தொன்பது வருடம்! மச்சான் அழுதுகொண்டே போன் எடுத்தான், நான் அந்தச் சூட்டோடு சூடாகச் சட்டையைக் கேட்டுவிட்டேன். மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு வந்தவன் சூட்கேஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தான், சொக்லேட் வாசம் இரண்டு கிழமை போகவில்லை. பெயரும் இலக்கமும் தைத்து எடுத்தால் அங்கேயே 200 டொலரைத் தாண்டும். தபாலில் எடுத்தால் அனுப்புகிற கூலி, சுங்கம் என்று அது வேறு. சூட்கேஸில் வர ஆள் இருந்தால் அதைத்தான் பாருங்கள்.

கையில் எடுத்தவுடன் வித்தியாசம் தெரியும். போலியில் இலை ஒரே தகடாக ஒட்டியிருக்கும், சூட்டில் ஓரம் சுருளும். இதில் இலை, இலக்கம், பெயர் எல்லாம் தடித்த துணியில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, ஓரம் நெருக்கமாகத் தைத்தது. விரலால் தடவினால் படி ஏறி இறங்குவது மாதிரி இருக்கும். உள்ளே பின்பக்கம் இடுப்புக்கு நேரே ஒரு வார், முனையில் ஒட்டுப்பட்டி. ஆட்டக்காரர் போடுகிற ரகத்தில்தான் அது இருக்கும், ரசிகர்களுக்கென்று விற்கிற மலிவான ரகத்தில் இருக்காது.

அந்த வாரைப் பற்றி ஒரு கதை. முதல் தரம் தோய்க்கும்போது நான் வீட்டில் இல்லை, அம்மா வழமைபோல் கல்லில் நாலு அடி அடித்திருக்கிறா. இலையின் ஓரத்தில் ஒரு விரற்கடை நூல் விட்டுவிட்டது. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன், காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். அவர் சட்டையை உள்பக்கம் புரட்டி, இலையை விட்டுவிட்டு வாரைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இது எதுக்கு தம்பி?"

"காற்சட்டையோட சேத்துக் கட்டுறதுக்கு காக்கா. அடிபாடு வந்தா மற்றவன் சட்டையத் தலைக்கு மேல இழுத்துக் கண்ண மறைச்சிருவான், அதுக்குத்தான்."

"அப்ப அடிபாடு வரும் எண்டு தெரிஞ்சிதான் தைக்கிறானுகளா?"

ஆமாம், தெரிந்துதான். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பேர் குத்துப்பட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வெளியே இருந்துவிட்டு வரலாம். ஆனால் வாரைக் கட்டாமல் இறங்கி, சண்டையில் சட்டை முழுதாகக் கழன்றால் அன்றைய ஆட்டமே அவருக்கு முடிந்தது. காக்கா இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். நூல் விட்ட இடத்தைத் தையல் தெரியாமல் தைத்துத் தந்தார். கை நீளத்தைக் குறைக்கச் சொன்னதற்கு மட்டும் மாட்டேன் என்றார். கைமுனையில் இரண்டு வெள்ளைக் கோடு ஓடுகிறது, அதை வெட்டினால் சட்டை செத்துவிடும் என்று அவருடைய நியாயம். பிறகு யோசித்தால் சரிதான். மடித்து விட்டுக்கொள்கிறேன்.

அதனால் அளவில் கவனம். ஆட்டக்காரர் ரகம் 46, 50, 52 என்று எண்ணில் வரும். நான் இங்கே எல் போடுகிறவன், அதை நினைத்து 52 சொன்னேன், இப்போது அதற்குள் இன்னொருவரும் குடியிருக்கலாம். 50 போதும். கவசம் கட்டாத உடம்புக்கு ஒரு அளவு குறைத்தே சொல்லுங்கள்.

வெயில் விஷயத்தில் இந்தச் சட்டைக்கு ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. ஆட்டப் பருவம் ஒக்டோபர் அளவில் தொடங்கி ஏப்ரல் வரை. நவம்பர் தொடக்கத்தில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், அதோடு எங்களுக்கு நாலரை மணி ஆட்டம் ஐந்தரை ஆகிவிடும். அது எங்கள் மாரி. வெளியே மழை கொட்டும், வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று வரும், கையில் பிளேன்ரீ, மேலே இந்தச் சட்டை, அந்த நேரம் இதைவிடச் சுகமான உடுப்பு கிடையாது. அம்மாவே ஒரு நாள் குளிருது என்று எடுத்துப் போட்டுக்கொண்டா. ஆனால் ஏப்ரல் நடுப்பகுதி தாண்டப் பிளேஓஃப் தொடங்கும், எங்களுக்கு வெயிலும் தொடங்கும். முக்கியமான ஆட்டம் எல்லாம் புழுக்கத்தில்தான். கரண்ட் போனால் காற்றாடியும் நிற்கும், சட்டையைக் கழற்றவும் மனம் வராது. கழற்றின நேரம் எதிர் அணி கோல் அடித்தால் யார் பொறுப்பு?

2025 மே மாதம் புளோரிடாவோடு ஏழாவது ஆட்டம். எங்களுக்குத் திங்கட்கிழமை விடியற்காலை. சொந்த அரங்கில் 6-1. ரசிகர்கள் சட்டையைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்தார்கள். நானும் கழற்றினேன், வேர்வைக்கு. எறியவில்லை. இருநூறு டொலர் சட்டையை எறிய அவர்களுக்கு முடியும். எனக்கு அது கொடியில் காய வேண்டும்.

தோய்க்கிறதும் சொல்லிவிடுகிறேன்: உள்பக்கம் புரட்டி, பச்சைத் தண்ணீரில், கொஞ்ச சவர்க்காரத் தூளில் கையால் அலசி, நிழலில் போடுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம், இலைக்கு மேல் ஸ்திரிக்கை வைக்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் நீலம் மங்கவில்லை. அக்குள் பக்கம் மட்டும் நூல் கொஞ்சம் பஞ்சு கிளம்பியிருக்கிறது. அது என் வேர்வையின் வேலை, சட்டையைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்துக்கு நாலு போடலாம். அணிக்குப் போடச் சொல்லாதீர்கள்.

கடைசியாக முதுகுப் பெயர். மச்சாள் மிச் மார்னரின் 16 எடுத்திருந்தா, அவ்வளவு பிரியம். 2025 கோடையில் மார்னர் லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டார். மச்சாள் இப்போது அந்தச் சட்டையை வாசலில் பனி அள்ளும்போது மட்டும் போடுகிறாவாம். மெத்தியூஸ் இப்போது அணித்தலைவர், 2023-24இல் ஒரே பருவத்தில் 69 கோல் அடித்தவர், அவர் போகமாட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் மச்சாளும் அப்படித்தான் நினைத்தா. பெயர் வேண்டும் என்றால் பழைய ஆளாகப் பாருங்கள். 1976இல் ஒரே ஆட்டத்தில் 6 கோல் அடித்து இன்னும் 4 கோலுக்குக் கைகொடுத்த டரில் சிற்லர், 27. அவரை இனி யாரும் வேறு அணிக்கு விற்க முடியாது.

அடுத்த மாமாங்கத்துக்கு மச்சான் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வெளியூர் ஆட்டத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை கேட்டிருக்கிறேன், 50 அளவு, முதுகு வெறுமையாக. அவன் "இலைய எண்ணித்தான் வாங்குவன்" என்றான்.