முட்டையா, கூமுட்டையா? டாக்டர் ஹூவின் நிலா எபிசோடு

‘கில் த மூன்’ பார்த்த யாரும் “பரவாயில்ல, சுமார்” என்று சொல்லிக் கேட்க முடியாது. ஒன்று செம, இல்லை படு மொக்கை. டாக்டர் ஹூ 1963-ல் பிபிசி தொடங்கிய, குடும்பமாகப் பார்க்கும் அறிவியல் புனைகதைத் தொடர்; காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசிதான் நாயகன். அதன் எட்டாவது சீசனில் ஏழாவதாக, 2014 அக்டோபர் 4 அன்று வந்தது இந்த எபிசோடு. எழுதியவர் பீட்டர் ஹார்னஸ், டாக்டராக பீட்டர் கபால்டி. ராயபுரமோ பெரம்பூரோ, தொடரை ஒழுங்காகத் தொடர்ந்து பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் இதில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

கதை நடப்பது 2049-ல். நிலாவின் எடை கூடிவிட்டது. கடல் பொங்கி ஊர்களை விழுங்குகிறது. நிலாவைத் தகர்க்க 100 அணுகுண்டுகளோடு ஒரு பழைய விண்கலம் போகிறது. போய்ப் பார்த்தால் நிலா நிலாவே இல்லை, முட்டை! உள்ளே ஒரு குஞ்சு பொரியக் காத்திருக்கிறது. கொல்வதா, விடுவதா? “உங்க நிலா, நீங்களே முடிவு பண்ணுங்க” என்று டாக்டர் கிளம்பிவிடுகிறார். டீச்சர் கிளாரா, அவள் பள்ளி மாணவி கோர்ட்னி, விண்வெளி வீராங்கனை லண்ட்விக் மூவர் தலையிலும் முடிவு விழுகிறது.

திட்டுபவர்களின் முதல் ஆயுதம் கணக்கு, அது சரியான கணக்கும்கூட. உள்ளே இருக்கும் உயிரின் எடை 1.3 பில்லியன் டன், அதாவது 130 கோடி டன் என்று வசனம் சொல்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நிலாவின் எடை சுமார் 7.35 லட்சம் கோடி கோடி டன். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் 50 கிலோ மூட்டையாக 22,000 மூட்டை அரிசி அடுக்கியிருக்கிறது, அதன் மேல் ஒரே ஒரு அரிசியைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவில் கூடிய எடை அவ்வளவுதான். நிலாவால் வரும் கடலேற்றம் அதன் எடைக்கு நேர் விகிதத்தில் மாறும். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதோடு இந்தக் கூடுதல் எடையால் சேர்வது ஒரு அணுவின் குறுக்களவைவிடக் குறைவு. எண்ணூர் முகத்துவாரத்தில் வலை வீசுகிறவருக்கு எதுவும் தெரியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை யோ-யோ காட்சியில் இருக்கிறது. நிலாவில் இறங்கியதும் டாக்டர் யோ-யோ விட்டுப் பார்த்து, ஈர்ப்பு பூமியில் இருப்பது போலவே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். நிலாவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. பருமன் மாறாமல் ஈர்ப்பு மட்டும் அப்படி ஏற வேண்டுமானால் எடை ஆறு மடங்காக வேண்டும். அப்படியானால் நிலாவால் வரும் ஏற்றமும் ஆறு மடங்கு, சூரியனின் பங்கு மாறாவிட்டாலும் காசிமேட்டில் நாலு மீட்டருக்கு மேல். துறைமுகம் மூழ்கும், கதையும் பொருந்திப் போகும். ஆக யோ-யோ சரியென்றால் 130 கோடி டன் தப்பு, டன் சரியென்றால் யோ-யோ தப்பு. அந்த டன் கணக்கு வசனத்தை வெட்டியிருந்தாலே பாதிச் சண்டை இருந்திருக்காது.

ஆதரிப்பவர்கள் உடனே திருப்பிக் கேட்பார்கள்: “டாக்டர் சுற்றும் கால இயந்திரம் வெளியே போலீஸ் பெட்டி, உள்ளே அரண்மனை. அதுக்கு லாஜிக் கேக்காதவன் இதுக்கு மட்டும் ஏன் கேக்கறான்?” நியாயமாகப் படும், ஆனால் இங்கே பொருந்தாது. பெட்டி உள்ளே பெரிதாக இருப்பதற்கு யாரும் கிலோ கணக்கு சொல்வதில்லை, மாயம் மாயமாகவே நிற்கிறது. இங்கே எழுத்தாளரே எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறார். கொடுத்தால் கூட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

சிலந்தி மாதிரி ஓடிவந்து ஆளைக் கொல்லும் கிருமிகளும் உண்டு. ஒற்றைச் செல் பாக்டீரியா அந்த அளவுக்கு வளர முடியாது. நீளம் 10 மடங்கானால் மேற்பரப்பு 100 மடங்கு, உடம்போ 1,000 மடங்கு. மேல்தோல் வழியாக வரும் தீனி உள்ளே போதாது. ஆனால் அதைக் கோர்ட்னி கிருமிநாசினி ஸ்பிரே அடித்துக் கொல்கிறாள் பாருங்கள், அறிவியல் ஒழுங்காக ஒட்டிய இடம் அது ஒன்றுதான்.

ரசிகர்கள் அதிகம் பேசாத, ஆனால் பேச வேண்டிய காட்சி ஓட்டெடுப்பு. கிளாரா பூமியிடம் கேட்கிறாள்: கொல்லலாம் என்றால் விளக்கை அணையுங்கள், விடலாம் என்றால் எரியவிடுங்கள். கெடு 45 நிமிடம். நிலாவிலிருந்து தெரிவது பூமியின் ஒரு பாதி மட்டுமே. இங்கே பௌர்ணமி என்றால் அந்தப் பாதி முழுக்க இரவு. அமாவாசை என்றால் முழுக்கப் பகல், ஒரு விளக்கும் தெரியாது. 45 நிமிடத்தில் பூமி சுற்றுவது சுமார் 11 டிகிரி. ஆக, நல்ல நாளாகப் பார்த்து வைத்தாலும் பாதி உலகத்துக்கு ஓட்டே இல்லை.

அணைப்பது யார் என்பது அடுத்த கேள்வி. திரையில் நிலப்பரப்புகள் மொத்தம் மொத்தமாக இருட்டாகின்றன. வீட்டுக்கு வீடு சுவிட்சைத் தட்டினால் அப்படி இருட்டாகாது, ஒரு பகுதிக்கே மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர் லைனை நிறுத்தினால்தான் ஆகும். பவர் கட் பார்த்துப் பழகிய வடசென்னைக் கண்ணுக்கு இது உடனே உறைக்கும்: ஓட்டுப் போட்டது ஜனங்கள் இல்லை, சப்ஸ்டேஷன். எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கணைப்பதை இந்தியாவே செய்து பார்த்திருக்கிறது. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை மட்டும் அணைக்கச் சொன்னார்கள். தெருவிளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்படியும் நாட்டின் மின் தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது. லோடு திடீரென்று விழுந்தால் மின்சாரத்தின் அலைவெண் வழக்கமான 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறும், அளவு மீறினால் ஜெனரேட்டர்கள் டிரிப் ஆகி நின்றுவிடும். அத்திப்பட்டு மாதிரி அனல் நிலையத்தை நினைத்தவுடன் குறைத்து நினைத்தவுடன் ஏற்ற முடியாது என்பதால், முன்கூட்டியே திட்டம் போட்டு நீர்மின் நிலையங்களை வைத்துச் சமாளித்தார்கள். 2049-ல் முன்னறிவிப்பே இல்லாமல் எல்லோரும் அணைத்த பிறகு மின்தொகுப்பு (கிரிட்) என்ன ஆனது என்று எபிசோடு மூச்சே விடவில்லை.

உலகம் விளக்கை அணைத்தும், கிளாரா குண்டை நிறுத்திவிடுகிறாள். கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி செய்தது சரியா? கருக்கலைப்பு விவாதமாக இதைப் படிப்பவர்கள் கடுப்பாவதும் இந்த இடத்தில்தான். குஞ்சு பறந்து போகிறது, ஓடு யாரையும் காயப்படுத்தாமல் கரைகிறது, போகிற போக்கில் அதே அளவில் புது முட்டை ஒன்றை வைத்துவிட்டும் போகிறது. பிறந்த நிமிடத்திலேயே தன்னளவு முட்டையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்குக் குறை வேறு. ஒரு நிலாவை இழக்கத் துணிந்த முடிவுக்கு ஒரு நிலாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்த முடிவுக்கு விலையே இல்லாமல் போகிறது. கணக்குப் பிழையைவிட இது பெரிய பிழை.

இத்தனைக்கும் பிறகு கூமுட்டை என்று தூக்கிப்போட முடியாததற்குக் காரணம் கடைசிச் சில நிமிடங்கள். விட்டுவிட்டுப் போனதற்காக டாக்டரை நிற்கவைத்துக் கிளாரா வாங்கும் வாங்கு! கிளாராவாக வரும் ஜென்னா கோல்மனின் குரல் உடைகிறது. கபால்டிக்குத் தான் செய்த தப்பு என்ன என்றே புரியவில்லை. கதை கொடுக்காத விலையை அந்தச் சண்டை கொடுக்கிறது. வெளிக்காட்சிகளும் சோடையில்லை. லான்சரோட்டே தீவின் எரிமலை மண்ணில் எடுத்தது, செட் போட்ட நிலா மாதிரி இல்லை.

பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் சிலந்திக் காட்சிகள் முன்பாதியில்தான், விளக்கைப் போட்டுவிட்டே பார்க்கலாம். சப்டைட்டில் அவசியம், கபால்டியின் ஸ்காட்லாந்து உச்சரிப்பு வேகமாக ஓடும். முதலில் ஆறாவது எபிசோடு ‘த கேர்டேக்கர்’ பார்த்துவிடுங்கள், கோர்ட்னியை அங்கேயே தெரிந்துவிடும். சண்டையின் மிச்சம் எட்டாவதான ‘மம்மி ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ஸில் இருக்கிறது. அதை மறுநாளைக்குத் தள்ளாமல் அன்றைக்கே பார்ப்பது நல்லது.