பழைய ஷெவிக்கு எந்த ஆட்டோமேட்டிக்: டிஎச்350, 700ஆர்4, 200-4ஆர்

1970-களின் ஷெவர்லே ஒன்று, அதில் 350 கன அங்குல வி8 எஞ்சின். சனி, ஞாயிறு ஊர் சுற்றுவதோடு எப்போதாவது ஹைவேயில் நீண்ட பயணமும் உண்டு. இப்படிப்பட்ட வண்டிக்கு டிஎச்350, 700ஆர்4, 200-4ஆர் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுகளில் பழையது ஒன்றைத் தேடுபவர், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் விலை பேசும் முன்பே வண்டிக்கு அடியில் படுத்து டிஃபரென்ஷியல் ரேஷியோ (பின் சக்கரம் ஒரு முறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு) என்னவென்று பார்த்துவிட வேண்டும். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

1969-இல் வந்த டிஎச்350-க்கு மூன்று கியர்: 2.52, 1.52, 1.00. பின்னால் 3.73 ரேஷியோவும் 26 அங்குல டயரும் இருந்தால், மணிக்கு 65 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,130 முறை சுற்றும். ஊருக்குள் ஓட்ட அருமையாக இருக்கும். ஹைவேயில் ஒரு மணி நேரம் போனால் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். அதே வண்டியில் 700ஆர்4 இருந்தால் 0.70 ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் நான்காவது கியர், அதை 2,190-க்கு இறக்கும். 200-4ஆர் இன்னும் கொஞ்சம் கீழே, 2,100.

முதல் கியரையும் டிஃபரென்ஷியலையும் பெருக்கிப் பார்த்தால் வேறொன்று புரியும். டிஎச்350-உடன் 3.73 சேர்ந்தால் 9.40. 700ஆர்4-இன் முதல் கியர் 3.06, அதோடு சாதாரண 3.08 போட்டாலே 9.42 வந்துவிடும். சிக்னலில் கிளம்பும் வேகத்துக்காக டிஃபரென்ஷியலை மாற்ற நினைப்பவர், அந்தச் செலவை அப்படியே மிச்சம் பிடிக்கலாம். ஆனால் 3.08-இல் ஓவர்டிரைவ் போட்டால் 65 மைலில் எஞ்சின் 1,810-இல் ஓடும். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் கம்பெனி போட்டதாகவே இருந்தால் சுகம்; பெரிய கேம் போட்ட எஞ்சின் அந்தச் சுற்றில் திணறும்.

700ஆர்4-இல் எனக்குப் பிடிக்காதது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம். 4,500-இல் மாறினால் சுற்று 2,400-க்கு விழும். 2.74, 1.57 என்று போகும் 200-4ஆர்-இல் அந்த வீழ்ச்சி கொஞ்சம் குறைவு, 3.42 டிஃபரென்ஷியலோடு அது கச்சிதமாகப் பொருந்தும்.

மாட்டுகிற வேலையிலும் 200-4ஆர்-க்கே என் ஓட்டு. பின்பக்க நீட்சி குட்டையாக உள்ள டிஎச்350-இன் நீளமேதான் அதற்கும், அதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை மட்டும் ஆறரை அங்குலம் போலப் பின்னால் நகர்த்த வேண்டும். 700ஆர்4 மூன்று அங்குலம் நீளம், ஷாஃப்ட்டை வெட்டியே ஆக வேண்டும். ஆனால் யார்டுகளில் சுலபமாகக் கிடைப்பது 700ஆர்4-தான்.

டிஎச்400 இரும்பு மாதிரி உழைக்கும். ரோல்ஸ்-ராய்ஸே வாங்கிப் போட்ட பெட்டி அது. கனமும் அதிகம், பிக்-பிளாக் என்னும் பெரிய வகை வி8 எஞ்சினோ டிரெய்லர் இழுவையோ இருந்தால் யோசிக்கலாம். இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு இந்த வேலைக்கு வேண்டாம்.

யார்டில் பெட்டியை அடையாளம் காண அடித்தட்டுப் போல்ட்டை எண்ணுங்கள்: டிஎச்350-க்கு 13, ஓவர்டிரைவ் இரண்டுக்கும் 16. 700ஆர்4 என்றால் 1987-க்குப் பிந்தையதாகக் கேளுங்கள். 1982 முதல் 1984 வரை வந்தவற்றின் இன்புட் ஷாஃப்ட்டில் 27 பற்கள்தான், பின்னால் 30 ஆக்கினார்கள். 1993-இல் வந்த 4எல்60இ பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடாது. ஓட்டிப் பார்க்க முடிந்தால், இரண்டாவது கியரும் ரிவர்ஸும் சேர்ந்தே காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால், உள்ளே சன் ஷெல் என்ற கிண்ணம் போன்ற பாகத்தின் பற்கள் வழித்துக்கொண்டு போயிருக்கும். அடித்தட்டைக் கழற்றவிட்டால் இன்னும் நல்லது. மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருந்தால் பயமில்லை. விரலில் மினுமினுக்கும் துகள் ஒட்டினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நான் முதலில் வாங்கிய 700ஆர்4-இல் ஆயில் செக்கச்செவேல் என்று இருந்தது. மாட்டி, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்லும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளைப் புதுக் கார்புரேட்டரின் லீவரில் கிடைத்த ஓட்டையில் கோத்துவிட்டேன். கியர் வெண்ணெய் மாதிரி மாறியது, மனம் குளிர்ந்துபோனேன். அந்த மென்மைதான் நோய் என்று அப்போது தெரியவில்லை. இந்தப் பெட்டியில் உள்ளே எவ்வளவு ஆயில் அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பதே அந்தக் கேபிள்தான். அது சரியாக இழுக்காததால் அழுத்தம் போதாமல் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நானூறு மைல்கூடத் தாண்டவில்லை, மூன்றும் நான்கும் போயின. டிப்ஸ்டிக்கை உருவினால் டிகாஷன் நிறம், கருகிய நாற்றம். 200-4ஆர்-க்கும் இதே விதிதான். டிஎச்350-இல் அழுத்தத்தை, எஞ்சினின் வெற்றிட அளவைப் பார்த்து வேலை செய்யும் வேக்யூம் மாடுலேட்டர் பார்த்துக்கொள்ளும். கேபிள் கிக்-டவுனுக்கு (அழுத்தி மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறங்குவதற்கு) மட்டும்.

அதனால் ஹைவே பக்கமே போகாத, 3.08 டிஃபரென்ஷியல் உள்ள வண்டிக்கு டிஎச்350 போதும், நிம்மதி. மற்றபடி 3.42-ஓ அதற்கு மேலோ இருந்தால், முழுசாகக் கிடைக்கும் 200-4ஆர். கிடைக்காவிட்டால் பிந்தைய 700ஆர்4. எதுவானாலும் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ஒன்று போடுங்கள், ஓவர்டிரைவ் பெட்டி என்றால் லாக்-அப் (டார்க் கன்வர்ட்டரைப் பூட்டும்) ஒயரை பிரேக் சுவிட்ச் வழியாகக் கொண்டுவாருங்கள். கார்புரேட்டருக்குப் பொருந்தும் கேபிள் பிராக்கெட்டையும் பெட்டியோடு சேர்த்தே வாங்குங்கள். வண்டியை முதல் முறை நகர்த்தும் முன், எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லி, கேபிள் கடைசி வரை இழுபடுகிறதா என்று பானட்டுக்குள் குனிந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.