நீலம் அடித்தால் நைலான் பேட்ச் ஆகிவிடாது

போல்ட், ஸ்குரூ தயாரிக்கும் சிறு பட்டறைக்காரர்களும், வாங்கி அசெம்பிளி செய்பவர்களும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நைலான் பேட்ச் போட்டுத் தருகிறேன் என்று ஜாப் ஒர்க் எடுத்த ஒரு யூனிட், எங்கள் எம்8 ஃபிளேஞ்ச் போல்ட்டுகளுக்கு ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கிற பெயின்ட் பவுடரை அடித்துக் கொடுத்துவிட்டது. விவகாரம் சிறு நிறுவனங்களின் பணப்பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசுக் கவுன்சிலில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. கோவைப் பக்கம் என்பது மட்டும் போதும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அதிர்வு உள்ள இடத்தில் போல்ட் தானாகக் கழன்று விழாமல் இருக்க, மரையின் ஒரு பக்கத்தில் கொஞ்ச தூரத்துக்கு நைலானை உருக்கி ஒட்டுவார்கள். பெரும்பாலும் நைலான் 11. ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருவது, 190 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். இண்டக்‌ஷன் காயிலுக்குள் (மின்சாரக் கம்பிச் சுருள்) போல்ட்டின் மரைப்பகுதி சூடாகி வரும். அந்தச் சூட்டின் மேல் பவுடரை ஊதுவார்கள். பட்டதும் உருகிப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை வேக்வம் இழுத்துவிடும். நுனியில் ஒன்றிரண்டு மரை காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கையால் ஏற்றத் தொடங்கவே முடியாது, மரை மாறி ஏறிவிடும். போல்ட்டை முடுக்கும்போது நைலான் நசுங்கி, எதிர்ப்பக்கத்து மரையை நட்டோடு இறுக்கி அழுத்தும். கழற்றினாலும் நைலான் முழுக்கச் செத்துப்போவதில்லை. ஓரளவு திரும்ப விம்மி நிற்கும், அதனால்தான் மறுபடி பயன்படுத்தலாம் என்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதைத் தவறாகவே விற்கிறார்கள். பேட்ச் போட்டதால் முடுக்கிய இறுக்கம் அப்படியே நிற்கும் என்று அர்த்தமில்லை. குறுக்குவாட்டு அதிர்வில் போல்ட் எப்படித் தளர்கிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-லேயே காட்டிவிட்டார். இறுக்கம் குறைந்தாலும் போல்ட் கழன்று விழாமல் பிடித்து வைப்பதுதான் பேட்ச்சின் வேலை. கம்ப்ரஸரில் அதுவே பெரிய விஷயம்.

எங்கள் போல்ட் போவது ஒரு ஏர் கம்ப்ரஸர் கம்பெனிக்கு. வலிமையில் 8.8 கிரேடு, துருப்பிடிக்காமல் இருக்க டிரைவேலன்ட் ஜிங்க் பிளேட்டிங், அதன் மேல் நீல பேட்ச். வழக்கமாகப் போடும் இடத்தில் நெருக்கடி என்பதால் இந்தப் புது ஆளிடம் போனோம். சாம்பிள் அருமையாக இருந்தது. டார்க் (முடுக்கவும் கழற்றவும் தேவைப்படும் திருப்பு விசை) பார்த்தோம், கழற்றிக் கழற்றி மாட்டினோம், எல்லாம் சரி. இன்று யோசித்தால் அந்தச் சாம்பிளை வேறு நல்ல இடத்தில் போட்டு வாங்கிவந்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. லாட் வந்தபோதும் ஒவ்வொரு பெட்டியிலும் மேலே இருந்த பைகளில் அசல் நைலான் பேட்ச். அடியில் இருந்தவை எல்லாம் போலி. இன்வர்டில், அதாவது வந்த சரக்கைச் சரிபார்க்கும் இடத்தில், யாரும் பெட்டியைக் கவிழ்த்து அடியிலிருந்து எடுப்பதில்லை என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை இது.

போலி பேட்ச்சில் உள்ள கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? முதல் முறை முடுக்கும்போது வித்தியாசமே தெரியாது. சூளையில் வெந்த பெயின்டும் கெட்டியாகத்தானே இருக்கும், ஸ்பேனருக்கு நன்றாகவே இறுக்கம் காட்டும். ஆனால் அது நசுங்காது, நொறுங்கும். கம்பெனி லைனில் ஒரு பிராக்கெட்டைச் சரிசெய்யக் கழற்றியபோது துளை வாயில் நீலத் தூள் கொட்டியிருக்கிறது. அதே போல்ட்டை மறுபடி போட்டால் விரலாலேயே கடைசிவரை ஓடுகிறது. கழற்றிய போல்ட்டைப் பார்த்தால் மரையின் முகட்டில் வெறும் ஜிங்க் மின்னுகிறது. லைன் நின்றது. அசெம்பிளி ஆன மெஷின்களையும் கழற்றிப் பார்த்தார்கள். அந்தச் செலவெல்லாம் டெபிட் நோட்டாக எங்கள் தலையில்.

கோட்டிங்காரருக்குப் போன் செய்தேன். “அண்ணா, அத்தனையும் நைலான்தானுங்க. உங்க பார்ட்டி ஆளுங்க ஏர் கன்ல ஓவர் ஸ்பீடுல ஏத்தியிருப்பாங்க, சூட்டுல போயிருக்கும்” என்றார். சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. நியூமேட்டிக் கன்னில் வேகமாக ஏற்றினால் உராய்வுச் சூட்டில் நல்ல பேட்ச்சும் கெடும். அதனால் அடிப்பையிலிருந்து எடுத்த புது போல்ட்டுகளை, புது நட்டில், கையால் மெதுவாக முடுக்கி வீடியோ எடுத்து அனுப்பினோம். அதிலும் தூள். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் சலானில் இருந்த முகவரிக்கே போனேன். இண்டக்‌ஷன் காயில் என்று ஒன்று அங்கே கிடையாது. பவுடர் கோட்டிங் சூளை ஒன்று, அதில் கேட்டும் கிரில்லும் தொங்குகின்றன. பக்கத்தில் கம்பி வலைத் தட்டில் வரிசையாக எங்கள் போல்ட். பெயின்ட் பவுடர் பெட்டியின் மேல் பாலியஸ்டர் என்று எழுதியே இருக்கிறது. நைலான் 11 பவுடர் இதைவிடப் பல மடங்கு விலை. வித்தியாசம் எங்கே போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டுபிடிக்க லேப் எல்லாம் தேவையில்லை. சால்டரிங் அயர்ன் போதும். நன்றாகச் சூடான முனையை பேட்ச்சின் மேல் அழுத்துங்கள். நைலான் என்றால் உருகி, முனையோடு இழுபட்டு வரும். வெந்து இறுகிய பாலியஸ்டர், எபாக்ஸி பெயின்ட் உருகாது, கருகும். தீக்குச்சியில் காட்டி வாசனை பார்க்கும் ஆட்களை நம்பாதீர்கள், அது அவரவர் மூக்கைப் பொறுத்தது.

டார்க் சோதனையில் மாட்டும்போது வரும் ரீடிங்கை மட்டும் பார்த்து கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றும்போது வரும் ரீடிங்தான் முக்கியம். டயல் டைப் ரெஞ்ச் இருந்தால் நல்லது. அமெரிக்காவின் ஐ.எஃப்.ஐ 124 போன்ற தரநிர்ணயங்கள் முதல் கழற்றலுக்கும் ஐந்தாவது கழற்றலுக்கும் குறைந்தபட்ச டார்க் கேட்பது இதற்காகத்தான். எங்களுக்கு வந்த போலி இரண்டாவது தடவையே காலி. சாம்பிளைப் பெட்டியின் அடியிலிருந்து நீங்களே எடுங்கள், அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

டெஸ்ட் சர்டிபிகேட்டிலும் ஒரு வேடிக்கை. ஜெர்மன் தரநிர்ணயமான டி.ஐ.என் 267 பகுதி 27 என்று போட்டிருந்தார். அது மரையில் பசை தடவிக் காயவைத்த போல்ட்டுகளுக்கானது. முடுக்கும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய உறைகள் உடைந்து பசை இறுகும், அது முற்றிலும் வேறு சமாச்சாரம். நைலான் பேட்ச்சுக்கு உரியது பகுதி 28. யாருடைய சர்டிபிகேட்டையோ எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார். உள்ளே இருந்த டார்க் ரீடிங்குகள் அச்சடித்ததுபோல எல்லா வரிசையிலும் ஒரே எண். நிஜமான சோதனையில் அப்படி வரவே வராது.

போல்ட்டையாவது காப்பாற்றலாமா என்று பார்த்தோம். அந்தப் பெயின்டை உரிக்கப் போனால் ஜிங்க்கும் சேர்ந்து போகிறது. உரித்து, மறுபடி பிளேட்டிங் செய்து, மறுபடி பேட்ச் போடும் கூலியில் புது போல்ட்டே செய்துவிடலாம். மொத்தமும் ஸ்கிராப்புக்குப் போனது.

இத்தோடு விட்டாரா என்றால் இல்லை. பில் பணத்தை நிறுத்தி வைத்ததற்கு, உத்யம் பதிவைக் (சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) காட்டி, பணம் வராத சிறு நிறுவனங்கள் புகார் செய்யும் அரசின் சமாதான் இணையதளத்தில் எங்கள் மேலேயே புகார் போட்டார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். நம்மைப் போன்றவர்களைக் காக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். போனில் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது. லைன் ரிஜெக்‌ஷன் தகவல் வந்ததுமே போட்டோவோடு இமெயில் போட்டுவிட்டோம், அது 15 நாளுக்குள் இருந்தது. எங்கள் வக்கீல் முதலில் கேட்டதும் அந்த இமெயிலைத்தான். கவுன்சிலில் இன்னும் முடியவில்லை.

அந்த ஆள் இன்னும் அதே சாம்பிள் பாக்கெட்டோடு சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. உங்களிடம் நீல பேட்ச் சாம்பிளும், பகுதி 27 என்று போட்ட சர்டிபிகேட்டும் வந்தால், அதைப் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். எங்களுடையதோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.