ராமில் விடுபட்ட ‘எல்’

“மதர்போர்டு போயிடுச்சு சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க” என்று சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு கடைக்காரர் கைவிரித்த அதே மடிக்கணினியில்தான் இப்போது என் அக்கா மகள் கல்லூரிப் பாடம் படிக்கிறாள். இடையில் பட்ட இரண்டு நாள் அலைச்சலை எழுதாமல் ஜெர்மனிக்கு விமானம் ஏற எனக்கு மனம் வரவில்லை.

அது 2013இல் வந்த திங்க்பேட் டி440பி; நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை முறைப்படி ஏற்பதில்லை. எனவே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு, ராமைக் கூட்டி, ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி. மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். “ஓவர்கிளாக்கும் பண்ணிடலாம் மாமா” என்றாள் அவள்; பிராசஸரை அதற்கென்று வைத்த வேகத்துக்கும் மேலே ஓடவைப்பதுதான் அது. மொத்தச் செலவு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு.

முதல் கடையில் 8 ஜிபி ராம் ஒன்றைக் காலியாக இருந்த இடத்தில் பொருத்தினார்கள். மின்விசிறி சுழன்றது, திரையோ கறுப்பாகவே கிடந்தது. புதிய ராமைக் கழற்றிவிட்டு, பழையதை மட்டும் வைத்து ஒருமுறை இயக்கிப் பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல், பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வேறொரு பழைய மடிக்கணினியை எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்கள். ராம் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறிய காலம் போய், ஊரிலேயே கிடைக்கிறதே என்று மகிழ்ந்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

மறுநாள் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை மட்டும் போட்டிருந்த இளைஞரிடம் கொண்டுபோனேன். அவர் அடிமூடியின் இரண்டு திருகுகளைத் தளர்த்தி, புதிய ராமை உருவி, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்து, அதன் ஸ்டிக்கரை விரல் நகத்தால் தொட்டுக் காட்டினார். “அண்ணா, இதுல எல் காணோமுங்க.” பழையதில் ‘பிசி3எல்’ என்று இருந்தது, புதியதில் வெறும் ‘பிசி3’. இந்த வகை மடிக்கணினி ராமுக்கு 1.35 வோல்ட்தான் கொடுக்கும். எல் இல்லாததற்கோ 1.5 வோல்ட் வேண்டும். அதைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் திரையில் எழுத்து வந்தது. மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

ஓவர்கிளாக் பற்றிக் கேட்டேன். இந்த ஐ5இல் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைப் பூட்டியே தயாரிக்கிறார்கள், அதைத் திறக்க வழியில்லை, சூட்டைக் குறைத்தால் உள்ள வேகமாவது முழுதாகக் கிடைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருந்ததை இடுக்கியால் ஒரே துண்டாக உரித்தெடுத்தார். பிராசஸர் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதைத் துடைத்துப் புதிது தடவி, சூடு குறைய பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தில் 60 மில்லிவோல்ட் குறைத்தார். முன்பு 97 டிகிரி வரை போனது, அதே வேலையில் 79இல் நின்றது, அதுவும் சேலத்து மே மாத வெயிலில். சரியான ராம், எஸ்.எஸ்.டி. எல்லாம் போக அவர் கேட்ட கூலி 350 ரூபாய்.

நான் வசிக்கும் ஜெர்மனியில் இதைப் போன்ற ஒரு மடிக்கணினியைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் 49 யூரோ வாங்கிக்கொண்டு, பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார்கள். அங்கே எவரும் என்னிடம் பொய் சொன்னதில்லை. ஆனால் ஸ்டிக்கரில் ஓர் எழுத்தைத் தேடும் அளவுக்கு என் பொருள்மீது எவரும் அக்கறை காட்டியதும் இல்லை. அந்த இளைஞரின் மேசையருகே தட்டுவடை செட் சாப்பிட்டபடி நின்றிருந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொழுது.

எல் இல்லாத ராமை முதல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். பொருத்திப் பார்த்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். ஸ்டிக்கரைக் காட்டி, தவறான வகையைக் கொடுத்தது நீங்கள்தானே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். 1,100 ரூபாய் ரசீதும் அந்த ராமும் அக்கா வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கின்றன.