நேரோபோட்டுக்கு பழைய ஸ்குவிரலா, புது ஸ்டீல் அடுப்பா?

இங்கிலாந்து கால்வாய்ல நேரோபோட் (உள்ளயே தங்குற மாதிரி இருக்குற ஒடுக்கமான நீள போட்) வச்சிருக்கவங்க குளிருக்கு உள்ள சூடு பண்ண கம்மி பட்ஜெட்ல அடுப்பு தேடுனா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணுல தான் வந்து நிப்பாங்க, செகண்ட் ஹேண்ட் மோர்சோ ஸ்குவிரல் இல்லன்னா புதுசா ஒரு சின்ன ஸ்டீல் அடுப்பு.

ஸ்குவிரல் டென்மார்க் சரக்கு, வார்ப்பிரும்பு, பக்கத்துல அணில் கூட செதுக்கி இருக்கும் (அழகு தான், அதுக்காக வாங்காதீங்க). சூடேற நேரமாகும், ஆனா ஏறிட்டா சீக்கிரம் ஆறாது, ஸ்மோக்லெஸ் கரிய (புகை கம்மியா வர்ற நிலக்கரி) போட்டு காத்த கொறச்சு வச்சுட்டு படுத்தா விடியுற வரைக்கும் கனல் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸும் ஈஸியா கெடைக்கும். பிரச்சன என்னன்னா வார்ப்பிரும்புல விரிசல் விழும், அடுப்போட தட்டுகள ஒட்டுற ஃபயர் சிமெண்ட் (சூடு தாங்குற சிமெண்ட்) போட் அங்க இங்க இடிக்கிறதுல உதிரும், அந்த இடுக்கு வழியா கார்பன் மோனாக்சைடு (சிஓ, மணமே இல்லாத விஷ வாயு) போட்டுக்குள்ள வந்துடும், அதனால இருட்டுல அடுப்புக்குள்ள டார்ச் அடிச்சு வெளிச்சம் எங்கயாச்சும் கசியுதான்னு பாத்துட்டு காசு குடுங்க.

ஸ்டீல் அடுப்பு வெல்டிங் பண்ணது, ஜாயின்ட் கம்மி, சட்டுனு சூடாகும், சட்டுனு ஆறியும் போகும். ஓவரா எரிச்சா நெளிஞ்சிடும். அடியில கம்பி கிரேட் (கரிய வைக்கிற கம்பி தட்டு) இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கரி சரியா எரியாது, விறகு மட்டும் தான்.

வருஷம் பூரா போட்லயே குடியிருக்கீங்கன்னா ஸ்குவிரல் தான், வீக்கெண்ட் மட்டும்னா ஸ்டீலே போதும். எத வாங்குனாலும் சிஓ அலாரம் கட்டாயம், 2019 ஏப்ரல்ல இருந்து போட் சேஃப்டி செக்கிங்ல அத பாப்பாங்க, புகைபோக்கிக்கும் சுவத்து தடுப்புக்கும் தனியா காசு எடுத்து வைங்க.