லெட்டெரா, ஒலிம்பியா, தமிழ்ப் பொறி: சுங்கை சிப்புட்டில் எதை வாங்கிச் சீர்செய்வது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் பழைய தட்டச்சுப்பொறிகளைச் சேகரிப்பவருக்கு முதல் எதிரி ஈரம்தான். மூடிய உறைக்குள் பல்லாண்டு கிடந்த பொறியின் எழுத்துக் கரங்களில் (விசையை அழுத்தினால் எழுந்து காகிதத்தில் எழுத்தைப் பதிக்கும் கம்பிகளில்) துருவும், உறையின் உட்துணியில் பூஞ்சையும் ஏறியிருப்பது இங்கு வழக்கம். ஆகவே, பொறியை எவ்வளவு எளிதாகத் திறந்து துடைத்து உலர்த்த முடியும் என்பதையே முதல் அளவுகோலாகக் கொண்டு ஒப்பிடுகிறேன்.

1963இல் வெளிவந்த, இத்தாலிய நிறுவனமான ஒலிவெட்டியின் லெட்டெரா 32, மார்செல்லோ நிஸ்ஸோலி வடிவமைத்த அழகான சிறிய பொறி. இதற்கு மூத்ததான லெட்டெரா 22 பொறி 1954இல் தொழில் வடிவமைப்புக்கான இத்தாலியின் கொம்பாஸோ டோரோ விருதைப் பெற்றது. லெட்டெரா 32ஐ ஜிப் வைத்த பையில் போட்டுக் கையில் தூக்கிச் செல்லலாம். சிறு வீட்டில் அலமாரியின் ஒரு தட்டே போதும். ஆனால் அந்த மெலிவே சீர்செய்பவருக்குச் சோதனையாகிறது. உறுப்புகள் ஒன்றோடொன்று நெருங்கி அமைந்திருப்பதால், உள்ளே துரு படிந்த ஒரு திருகைத் தொடுவதற்கே வேறு சிலவற்றைக் கழற்ற வேண்டி வரலாம். பழகாத கைக்கு இதை முதல் பொறியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் செய்யப்பட்ட ஒலிம்பியா எஸ்எம் 9 கனமானது. அடிக்கடி இடம் மாற்றுவோருக்கு ஏற்றதன்று. ஆயினும் மேசையில் உறுதியாக நிற்கும், விசைகளும் அழுத்தத்துக்கு நிதானமாகப் பதில் தரும். நெடுநேரம் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு விரலிலேயே தெரியும். இதன் பெயர்பெற்ற குறை, வெளிக்கூட்டுக்கும் உட்சட்டத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் நசுங்கிவிடுவது. அப்போது சட்டம் தாழ்ந்து, காகிதம் தாங்கி நகரும் பகுதி வெளிக்கூட்டில் உரசத் தொடங்கும். பழுதடைந்த பொறி என்று எண்ணி இதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் உண்டு. இரும்புக்கடையில் கிடைக்கும் ரப்பர் வளையங்களைச் சரியான கனத்தில் வெட்டிப் போட்டால் உரசல் தீர்ந்துவிடும். விற்பவர் சொல்லும் குறை இது ஒன்றே என்றால், தயங்காமல் வாங்கலாம்.

சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றே. எழுத்துக் கரங்கள் அமர்ந்திருக்கும் அரைவட்டப் பிளவுகளை வொயிட் ஸ்பிரிட்டில் (சாயம் கரைக்கும் திரவத்தில்) நனைத்த தூரிகையால் தேய்க்க வேண்டும். அங்கே எண்ணெய் விடவே கூடாது, அது தூசியைப் பிடித்துப் பிசினாக இறுகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி, நகரும் பகுதியின் தண்டவாளத்துக்கு மட்டும் போதும். வேலை முடிந்தபின் உறைக்குள் பூட்டி வைக்காமல், பருத்தித் துணி போர்த்திக் காற்றாட வைப்பதே இவ்வூர் மழைக்கு ஏற்றது.

இவ்விரண்டில் என் தேர்வு ஒலிம்பியாவே. எனினும், பழைய தோட்ட ஆபீசிலோ, மூடப்பட்ட அச்சகத்திலோ தமிழ் எழுத்துப் பொறி ஒன்று கிடைக்குமானால், இரண்டையும் விட்டுவிட்டு அதையே வாங்க வேண்டும் என்பேன். தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவரான யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா, அன்று பிரிட்டிஷ் மலாயாவின் பகுதியாயிருந்த சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஆகவே இந்தப் பொறியின் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. புள்ளியையும் இகரக் குறியையும் அடிக்கும்போது காகிதம் நகராமல் நின்று, அடுத்து வரும் எழுத்தை அதே இடத்தில் ஏற்கும் நகரா விசைகளே இதன் உயிர்நாடி. வாங்குமுன் அவ்விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். காகிதம் நகர்ந்தால், அழுக்கா தேய்மானமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஸ்பிரிட்டுக்கு இளகும் அழுக்காகவே இருக்கும். அடுத்து எழுத்து அச்சுகளைப் பாருங்கள். ஆங்கிலப் பொறியில் ஓர் அச்சு உடைந்தால் அதே வகைப் பழைய பொறியிலிருந்து எடுத்துப் பற்றவைக்கலாம். தமிழ் அச்சுக்கு அப்படியொரு மாற்று கிடைப்பது மிகவும் அரிது. எனவே துருவைப் பொறுத்துக்கொள்ளலாம், விடுபட்ட எழுத்தைப் பொறுக்க இயலாது.